யன்னல் ஒட்டிய சனிக்கிழமை

போன சனிக்கிழமை ஐந்து மணித்தியாலம் ஒரு வீட்டைத் துடைத்தேன். என்னுடைய வீடு இல்லை.

என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியும்தானே. செப்டெம்பர் முடிந்து மேப்பிள் இலைகள் நிறம் மாறத் தொடங்கினால் எனக்கு நோய் மாதிரி ஒரு வருத்தம் பிடிக்கும். வாளி, பழைய துவாய்த் துண்டு, வினாகிரி, தேய்ந்துபோன பல் பிரஷ் — இவை கையில் இல்லாவிட்டால் நித்திரை வராது. ஹீற்றர் மூடியைக் கழற்றித் தூசி எடுக்காமல் முதல் குளிருக்கு அதைப் போட்டால் வீடெல்லாம் கருகல் மணம் வரும் என்று போன வருடம் இதே பத்தியில் எழுதியிருந்தேன். அதைப் படித்த லவால் வாசகர் ஒருவர், 'உங்கள் வீட்டுக்காரரை நினைத்துக் கவலைப்படுகிறேன்' என்று கடிதம் போட்டிருந்தார். வீட்டுக்காரர் அந்தக் கடிதத்தை பிரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறார். இன்றைக்கும் இருக்கிறது.

ஆகவே, துடைக்க வாருங்கள் என்று யாராவது கூப்பிட்டால் நான் ஓடிப்போகிற ஆள். போன சனிக்கிழமை காலை எட்டு மணிக்கும் அப்படித்தான் ஒரு அழைப்பு வந்தது. போனேன். ஆனால் ஓடவில்லை.

கூப்பிட்டவர் நேசன். மொன்ட்ரியாலின் மேற்குப் பக்கம், ரொக்ஸ்பரோவில் என் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி வீடு. சென்ட் லோரன்டில் ஒரு களஞ்சியத்தில் இரவு வேலை. அவருடைய மனைவி சுகந்திக்கும் எனக்கும் பன்னிரண்டு வருடப் பழக்கம். மொன்ட்ரியால்-நோரில் ஒரே கட்டடத்தில் இருந்தோம்... நான் மூன்றாம் மாடி, அவள் இரண்டாம் மாடி. நான் தரை துடைத்தால் தண்ணீர் அவளுடைய பல்கனியில் சொட்டும், அவள் சண்டைக்கு வருவாள். அப்படித்தான் சிநேகிதம் ஆனோம். நான் இங்கே வந்தபடியால்தான் அவளும் ரொக்ஸ்பரோவில் வீடு வாங்கினாள் என்று நான் எல்லோரிடமும் சொல்லித் திரிகிறேன். விலை குறைவு என்றபடியால்தான் வாங்கினோம் என்று அவள் சொல்லித் திரிகிறாள்.

வேலை முடிந்த நேசன் வீட்டுக்குப் போகாமல், தெருமுனை டெப்பனர் கடை வாசலில் காரை நிறுத்திவிட்டுப் பேசினார். குரல் சரியாக இல்லை.

"அக்கா, சுகந்தியின்ர அம்மா மோசம் போயிட்டா."

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சரிந்து படுத்தாவாம். பின்னேரம் தேத்தண்ணீர் கொடுக்க எழுப்பினால் எழும்பவில்லை. யாழ்ப்பாணத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ரொறன்ரோவில் இருக்கிற மகனுக்குப் போன் எடுத்திருக்கிறார். அந்த மகன், சுகந்தியின் அண்ணன் குகன், நேசனுக்கு எடுத்திருக்கிறார். சுகந்திக்கு மட்டும் தெரியாது.

குகன் போட்ட கட்டளை ஒன்றே ஒன்றுதான். நான் வந்து சேரும்வரை தங்கச்சிக்கு ஒருத்தரும் சொல்லக் கூடாது. ஏழு மணிக்கே காரில் வெளிக்கிட்டுவிட்டார். ஆறு மணித்தியால ஓட்டம். ஒரு மணிக்கு வந்துவிடுவார்.

அதுவரை சுகந்தியை என்ன செய்வது? வீட்டை என்ன செய்வது?

செத்தவீட்டு வழமை உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. செத்தது எங்கேயோ, ஆனால் பிள்ளை இருக்கிற வீடும் செத்த வீடுதான். செய்தி வெளியே வந்தால் பின்னேரத்துக்குள் ஐம்பது பேர் வந்துவிடுவார்கள். சோபாச் செற்றியை எடுக்க வேண்டும், தரையில் வெள்ளை விரிக்க வேண்டும், கதிரை இரவல் வாங்க வேண்டும், மீன், இறைச்சி என்று சமைத்த மச்சம் இருந்தால் அகற்ற வேண்டும். அழுகிறவளை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு இதை எல்லாம் செய்வது எவ்வளவு கொடுமை என்று செய்தவர்களுக்குத் தெரியும்.

நேசனுக்கு ஒரு யோசனை வந்திருக்கிறது. இது இலையுதிர் காலம். எல்லா வீட்டிலும் துப்புரவுதான் நடக்கிறது. நான் வாளியோடு வந்து நின்றால் யார் சந்தேகப்படுவார்கள்? அதுவும் நான்!

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எனக்கும் இது நடந்திருக்கிறது. பதினாறு வருடத்துக்கு முன் என் அப்பா போனபோது என்னுடைய அகதி விசாரணைக்குத் தேதி கொடுத்திருந்தார்கள். விசாரணை முடியட்டும் என்று வீட்டுக்காரரும் நண்பர்களும் பதினொரு நாள் மறைத்தார்கள். அந்தப் பதினொரு நாளில் ஒரு நாள் நான் புதுச் சப்பாத்து வாங்கினேன். இன்னொரு நாள் யாரோ சொன்ன பகிடிக்கு வயிறு நோகச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசும். இனி என் சீவியத்தில் ஒருத்தருக்கும் இப்படிச் செய்ய மாட்டேன் என்று அன்றைக்குச் சத்தியம் பண்ணினேன்.

சத்தியம் பண்ணியவள் போன சனிக்கிழமை என்ன சொன்னாள்? ஒன்பது மணிக்கு வாறன் என்று சொன்னாள். தனியாக வைத்துச் சொல்ல நேசனுக்குத் தைரியம் இல்லை. எனக்கும் இல்லை. அவ்வளவுதான் காரணம். மற்றதெல்லாம் சாட்டு.

கதவைத் திறந்த சுகந்தி தலை முழுகி ஈரம் சொட்டச் சொட்ட நின்றாள். புரட்டாதிச் சனி. விரதம். என் வாளியைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

கனவு கண்டு வந்தீர்களா என்று கேட்டாள். இன்றைக்கு அம்மாவின் அறையைச் செய்து முடிக்க வேண்டும் என்றுதான் அவளும் விடியவே எழும்பியிருக்கிறாள்.

அம்மாவின் அறை... அதையும் சொல்ல வேண்டும். பதினான்கு வருடமாக அவள் தாயைக் காணவில்லை. ஊரில் சண்டை நின்று பாதை திறந்த பிறகு விசாவுக்குப் போட்டு, ஒரு தரம் மறுத்துவிட, மறுபடி போட்டு, ஆவணி மாதம்தான் கிடைத்தது. இந்த மாதக் கடைசிக்கு ரிக்கெற். மூன்று மாதம் நின்றுவிட்டுப் போவதாக ஏற்பாடு. குளியலறைக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன அறையை ஒதுக்கி, புது மெத்தை போட்டு, குளிருக்கு உள்ளே போடுகிற உடுப்பு மூன்று சோடி வாங்கி மடித்து வைத்திருந்தாள். ஒரு சோடியை என்னிடம் காட்டி, "அம்மா மெலிஞ்சு போனா எண்டு அண்ணை சொல்றார், இது பெரிசாய் இருக்குமோ அக்கா?" என்று கேட்டாள்.

அளவாக இருக்கும் என்று சொன்னேன். முதல் பொய் அது. அதற்குப் பிறகு எண்ணவில்லை.

சுகந்தியின் மகள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போய்விட்டாள். அப்படியே இரண்டு மணிவரை சிநேகிதியின் வீட்டில் நிறுத்தச் சொல்லி ஒழுங்கு செய்தாயிற்று. கீழ் அறையில் வாடகைக்கு இருக்கிற வித்யா மட்டும் வீட்டில் இருந்தாள். சென்னைப் பிள்ளை, கம்ப்யூட்டர் வேலை. அவளையும் உதவிக்குக் கூப்பிட்டோம்.

நேசன் வந்ததும் வராததுமாகச் செற்றியை இழுத்தார். கம்பளத்தைக் கழுவ வேண்டும், செற்றியைக் கராஜில் வைப்போம் என்றார். இழுக்கிற இழுப்பில் போன் வயரைச் சுவரோடு பிடுங்கிவிட்டார். வேண்டுமென்றுதான். ஊரிலிருந்தோ மொன்ட்ரியாலுக்குள்ளிருந்தோ யாராவது எடுத்து, எடுத்த உடனே அழத் தொடங்கிவிட்டால்?

ஆறு வருடமாக இந்தச் செற்றியை ஒரு அடி நகர்த்தாத மனிதன் இன்றைக்கு வீட்டையே காலி பண்ணுகிறார் என்று சுகந்தி என்னிடம் சொல்லிச் சிரித்தாள். மாமி வருகிற பயம் என்றாள். நானும் சிரித்தேன். பதினாறு வருடத்துக்கு முன் என்னோடு சேர்ந்து சிரித்தவர்களின் முகம் அப்போது எப்படி இருந்திருக்கும் என்று முதல்தடவையாக யோசித்தேன்.

எனக்குக் கிடைத்தது குசினி. பிரிட்ஜையும் பிரீசரையும் கழுவப்போகிறேன் என்று சொல்லி, மச்சம் எல்லாவற்றையும் என் காரில் ஏற்ற வேண்டும். பிரீசரைத் திறந்தேன். அறக்குளா மீன் வெட்டித் துப்புரவாக்கி நான்கு பொதி கட்டியிருந்தாள். ஒவ்வொன்றிலும் வெள்ளை ரேப் ஒட்டி, நீல மையால் 'அம்மா' என்று எழுதியிருந்தது. நான் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டு, ஐஸ் உருகாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். அம்மா வருவதற்கு முன் மறக்காமல் திருப்பித் தரச் சொன்னாள்.

காரின் பின்பெட்டியை மூடிவிட்டு அங்கேயே கொஞ்சநேரம் நின்றேன். முற்றம் முழுக்க மஞ்சள் இலை. நல்ல வெயில், குளிரும் வெயில். துடைப்பதற்கு இதைவிட நல்ல நாள் வருடத்தில் கிடையாது.

பதினொரு மணிக்கு இன்னொரு சிக்கல். சனிக்கிழமை பதினொரு மணி என்றால் அவள் தாயோடு கதைக்கிற நேரம். போன் கார்ட்டைச் சுரண்டி இலக்கத்தை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு வந்தாள். போன் செத்துக் கிடக்கிறது. நேசனுடைய கைப்போனைக் கேட்டாள். சார்ஜ் இல்லை என்றார். என்னுடையதைக் கேட்டாள். வீட்டில் விட்டுவிட்டு வந்துவிட்டேன் என்றேன். வித்யா இன்னும் கீழேயிருந்து ஏறி வரவில்லை. என் கைப்பைக்குள் அது கிடந்தது... எந்த நேரம் அடிக்குமோ என்று பையைத் துவாய்த் துண்டால் மூடினேன். பிறகு கதைத்தால் போகிறது, அம்மாவும் கோயிலுக்குப் போயிருப்பா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, துண்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தாள்.

வித்யாவுக்கு விஷயத்தைச் சொன்னது நான்தான். அடுப்பின் பின்சுவரில் இருந்த எண்ணெய்ப் பிசுக்கை இருவரும் சுரண்டிக்கொண்டிருந்தோம். கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, எங்க அப்பா இறந்தப்போ எங்கிட்டயும் சீரியஸ்னுதான் சொன்னாங்க. ட்ரெயின்ல ராத்திரி முழுக்க அவர் பிழைச்சுக்கணும்னு வேண்டிக்கிட்டே போனேன். அவர் அப்பவே இல்ல."

பிறகு மறுபடி சுரண்டத் தொடங்கினாள். அண்ணன் வந்துவிடுவார், இன்னும் ஒன்றரை மணித்தியாலம்தான் என்றேன். அவளுக்குச் சொன்ன மாதிரி எனக்கும் சொல்லிக்கொண்டேன்.

உண்மையில் எங்களுடைய பெரிய கவலை வேறாக இருந்தது. சிரிப்பீர்கள். அவள் சாப்பிட வேண்டும். செய்தி சொல்வதற்கு முன் வயிற்றில் ஏதாவது போய்விட வேண்டும். சொன்ன பிறகு இரண்டு நாளைக்குத் தண்ணீர்கூட இறங்காது. காலையிலிருந்து ஒரு வாய் தேத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. விரதக்காரி விளக்கு ஏற்றி, காகத்துக்கு வைத்த பிறகுதான் கை நனைப்பாள். தீட்டுப் பட்ட துடக்கு வீட்டில் விளக்கு ஏற்றக் கூடாது. விளக்கு ஏற்றாமல் அவள் சாப்பிட மாட்டாள். சாப்பிடாமல் நாங்கள் சொல்ல மாட்டோம்.

இப்படி ஒரு முடிச்சை எங்கள் ஆட்களைத் தவிர வேறு யார் போடுவார்கள்?

பன்னிரண்டு மணிக்குச் சோறும் கறிகளும் தயார். அவளே வைத்தது. கறுப்புத் துணியில் எள்ளு முடிந்து, எண்ணெயில் ஊறப் போட்டிருந்தாள். நெருப்புப் பெட்டியோடு சாமி அறைக்கு வந்தாள். சாமி அறை என்றால் அறை இல்லை, முந்தி துவாய்கள் அடுக்கி வைத்த சுவர் அலமாரி. இழுத்துச் சாத்துகிற கதவு. நான் அதற்கு முன்னால் வாளியோடு குந்தியிருந்தேன்.

இந்த மூன்றாவது சனியும் பிடித்துவிட்டால் போதும், அம்மா தனியாகப் பிளேனில் வருகிறா, ஒரு தடங்கலும் வரக் கூடாது என்றுதான் பிடிக்கிறேன் என்றாள்.

என்னால் முடியவில்லை. துடக்கு, ஆசாரம் எல்லாம் அந்த நேரம் மறந்துபோய்விட்டது. அங்கே தாய் கிடக்க, இங்கே தாயின் பயணத்துக்கு இவள் விளக்கு ஏற்றுவதை நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா? கதவை இழுத்துச் சாத்தினேன்.

"தட்டெல்லாம் தூசி, பிள்ளை. துடைச்சுத் தாறன், பேந்து ஏத்துவம்."

"நேற்றுத்தானே அக்கா துடைச்சனான்."

"இன்னொருக்கா துடைப்பம்."

அவள் என் கையைப் பார்த்தாள். கதவை அழுத்திப் பிடித்திருந்த கை. எவ்வளவு பலமாகப் பிடித்திருந்தேன் என்று அவள் பார்த்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. பிறகு நெருப்புப் பெட்டியை என்னிடம் நீட்டினாள்.

"சரி அக்கா. நான் அம்மாவின்ர யன்னலை ஒட்டிப்போட்டு வாறன்."

யன்னல் ஒட்டுவது மொன்ட்ரியாலில் பழைய வீட்டுக்காரர்களுக்குத் தெரியும். சட்டத்தைச் சுற்றி இரண்டு பக்கமும் ஒட்டுகிற ரேப். அதன்மேல் மெல்லிய பிளாஸ்ரிக். ஒட்டியதும் சுருக்கம் சுருக்கமாகத் தொங்கும். ஹெயர் டிரையரைப் பிடித்துச் சூடு காட்டினால் விறைத்து, சுருக்கம் எடுபட்டு, ஒட்டியதே தெரியாமல் போகும். குளிர்காற்று உள்ளே வராது. சின்ன யன்னல் என்றால் பத்து நிமிட வேலை.

அறைக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. கொஞ்சநேரத்தில் டிரையர் இரையத் தொடங்கியது.

நான் துடைத்த தட்டையே துடைத்துக்கொண்டிருந்தேன். நேசன் கராஜுக்குள் போய், சார்ஜ் இல்லாத கைப்போனில் குகனோடு கதைத்துவிட்டு வந்தார். குகன் கிங்ஸ்ரன் பக்கம் நெரிசலில் அகப்பட்டுப் பிந்திவிட்டாராம். நான் போய் வெறுமையான முன் அறையின் தரையை மூன்றாம்தரம் துடைத்தேன். டிரையர் நிற்கவில்லை.

வித்யா குசினி வாசலில் வந்து நின்றாள்.

"அரை மணி நேரமா ஓடுது, ஆன்ட்டி."

அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. பெரிய துப்புரவுக்காரி! சுருக்கம் எடுபடவில்லையாக்கும், நான் போய்ப் பிடித்துக் கொடுக்கட்டுமா என்றுதான் யோசித்தேன். எழும்பிப் போக நினைத்தபோது இரைச்சல் நின்றது. அறைக் கதவு திறந்தது.

சுகந்தி முகம் கழுவியிருந்தாள். கண் சிவந்து வீங்கியிருந்தது. நேராக நேசனிடம் போனாள்.

"அண்ணை எங்க வந்திட்டார்?"

குரலில் அழுகை இல்லை. நேசன் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். பிறகு, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுகிற பள்ளிக்கூடப் பிள்ளையைப் போல,

"கோர்ன்வோல் தாண்டிட்டார், ஒரு மணித்தியாலத்தில வந்திடுவார்," என்றார்.

அவள் தலையாட்டினாள். உட்காரக் கதிரை இல்லை, செற்றி இல்லை. எல்லாவற்றையும் நாங்கள் எடுத்துவிட்டோம். நான் துடைத்த தரையில் சுவரோடு சாய்ந்து இருந்தாள். நானும் பக்கத்தில் போய் இருந்தேன். எத்தனை மணிக்கு நடந்தது என்று கேட்டாள். சொன்னோம். உங்களுக்கு எத்தனை மணிக்குத் தெரியும் என்று கேட்டாள். அதையும் சொன்னோம்.

எப்போது விளங்கியது என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஆனால் கேட்டேன்.

"போன் வயரைப் பிடுங்கேக்க, இவருக்கு வேலைக் களைப்பெண்டு நினைச்சன். விளக்கை மறிக்கேக்க விளங்கிட்டுது."

"அப்ப ஏன் பிள்ளை கேக்கேல்லை?"

"கேட்டா நீங்கள் சொல்லிப்போடுவியள் அக்கா. பேந்து அந்த யன்னலை ஆர் ஒட்டுறது?"

அதற்குப் பிறகுதான் அழுதாள். டிரையரின் இரைச்சலுக்குள் அரை மணித்தியாலம் அழுத பிறகும் அவ்வளவு அழுகை மிச்சம் இருந்தது. நான் கட்டிப் பிடித்தேன். என் கையில் வினாகிரி மணம். அந்த மணத்தோடுதான் பிடித்தேன்.

நடுவில் ஒரு தடவை நிமிர்ந்து ஒன்று சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"எட்டு மணிக்குச் சொல்லியிருந்தா, அம்மா படுத்தபடியே படுத்திருப்பா. போனை ஒருக்கா அவவின்ர காதில வைக்கச் சொல்லியிருப்பன். இப்ப குளிப்பாட்டிப் பெட்டியில வைச்சிருப்பினம்."

நேசன் தலையைக் குனிந்துகொண்டு போய்ப் போன் வயரைச் சுவரில் மாட்டினார். மாட்டிய மறுநிமிடமே அது அடித்தது.

குகன் இரண்டு மணிக்கு முன் வந்து சேர்ந்தார். வாசலில் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. அண்ணனும் தங்கச்சியும் நின்ற நிலையை நான் இங்கே எழுத மாட்டேன். வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டு வந்தாராம் அந்த மனிதன். அவர் சொல்ல ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை.

பின்னேரம் ஆட்கள் வந்தார்கள். மொன்ட்ரியால்-நோரிலிருந்து, லவாலிலிருந்து, சென்ட் லோரன்டிலிருந்து. வெள்ளை விரித்திருந்தது. கதிரைகள் வரிசையாக இருந்தன. ஒரு தூசி இல்லை, ஒரு மச்ச மணம் இல்லை. வீட்டை நல்லாக வைத்திருக்கிறாள் பிள்ளை என்று ஒரு அம்மா என் காதுக்குள் சொன்னா. நான் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டேன்.

அங்கே காலையில் சமைத்த சோறும் கறியும் மூடி வைத்தபடி இருந்தன. காகத்துக்கும் வைக்கவில்லை.

போவதற்கு முன் அந்தச் சின்ன அறைக்குள் எட்டிப் பார்த்தேன். துடைக்கிறவளின் புத்தி, யன்னலைத்தான் முதலில் பார்த்தேன். கையை வைத்துத் தடவினேன். ஒரு சுருக்கம் இல்லை. எத்தனையோ வருடமாக யன்னல் ஒட்டுகிறேன், அப்படி ஒரு யன்னலை நான் ஒட்டியதில்லை. மெத்தையின்மேல் மூன்று சோடி உடுப்பு மடித்தபடி இருந்தது. வெளியே காற்றுக்கு இலை பறந்துகொண்டிருந்தது, உள்ளே ஒரு அசைவும் இல்லை.

இதை எழுதுகிற இன்றைக்கு ஆறாம் நாள். ஊரில் எல்லாம் முடிந்துவிட்டது. இவள் போக முடியவில்லை, போயிருந்தாலும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க முடியாது. அந்தத் தைரியத்தில்தான் நாங்களும் மறைத்தோம். போய்ச் சேர முடியாதவளுக்கு அவசரமாகச் சொல்லி என்ன ஆகப் போகிறது என்று நினைத்தோம். தாயின் காதில் வைக்க ஒரு போன் இருந்தது என்று எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

நாங்கள் கெட்ட ஆட்கள் இல்லை. சாப்பிட்ட பிறகு சொல்வோம், அண்ணன் வந்த பிறகு சொல்வோம், விசாரணை முடிந்த பிறகு சொல்வோம்... எல்லாம் அன்புதான். ஆனால் அந்த அன்பில் ஒரு பங்கு எங்கள் பயம். முதல் அழுகையை நாங்கள் தனியாக நின்று தாங்க வேண்டுமே என்ற பயம். அதற்காக, அழ வேண்டியவளை யன்னலோடு தனியாக அழ விட்டோம். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. எழுதாமல் விட்டால் இன்னும் வெட்கமாக இருக்கும்.

நேற்றுச் சுகந்தி போன் எடுத்தாள். பிரீசரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. 'அம்மா' என்று எழுதிய நான்கு பொதி என் வீட்டில் இருக்கிறது. அவளுக்குத் துடக்கு முடிய இன்னும் மூன்று கிழமைக்கு மேல் இருக்கிறது. முடிந்த பிறகும் எந்த முகத்தோடு கொண்டுபோய்க் கொடுப்பது? சமைக்கவும் முடியாது, எறியவும் முடியாது. பிரீசரைத் துடைக்கத் திறக்கிறேன், மூடிவிடுகிறேன்.

என் வீட்டில் இந்த வருடம் ஒரு வேலையும் ஆகவில்லை. ஹீற்றர் மூடி கழற்றவில்லை. முற்றத்து இலை அப்படியே கிடக்கிறது. வீட்டுக்காரர் தானாகவே தும்புத்தடியை எடுத்துக் கூட்டுகிறார், அதைப் பார்க்கவே பயமாக இருக்கிறது. நேற்றுக் காலை அவர் வாளியோடு வந்து யன்னல் துடைக்கட்டுமா என்று கேட்டபோது, என்ன நடந்தது, ஆருக்கு என்ன என்று சத்தம் போட்டுவிட்டேன். பாவம் மனிதன், ஒன்றும் நடக்கவில்லை. சும்மா துடைக்க வந்தவர்.

உங்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். என் வீட்டைத் துடைத்துத்தர எப்போதாவது வந்தீர்கள் என்றால், சந்தோஷம், வாருங்கள் — ஆனால் சொல்ல ஏதாவது இருந்தால், வாளியைக் கீழே வைக்க முன் சொல்லிவிடுங்கள்.